சும்மா கிடக்கும் அரை ஏக்கர்: கொங்கு நாட்டில் புதிதாகப் பண்ணையம் தொடங்குவோர் பயிரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் பாகப்பிரிவினையில் வந்த அரை ஏக்கரோ முக்கால் ஏக்கரோ ஆண்டுக்கணக்கில் உழவு காணாமல் கிடப்பது இன்று சாதாரணக் காட்சி. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போன தலைமுறை அந்த நிலத்தை மீண்டும் திரும்பிப் பார்க்கும்போது முதலில் கேட்பது, எந்தப் பயிர் போட்டால் லாபம் வரும் என்பதுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு லாபம் கொடுத்த பயிர் உங்களுக்கு நட்டம் தரலாம், ஏனெனில் அவருக்கு இருக்கும் தண்ணீரும் ஆளும் வியாபாரியும் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆகவே பயிரைக் கடைசியில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

முதல் படி: நிலத்தையும் அதன் உரிமைகளையும் பார்த்தல்

பட்டாவும் சிட்டாவும் உங்கள் பெயரில் இருக்கின்றனவா, அடங்கல் என்னும் கிராமச் சாகுபடிக் கணக்கில் நிலம் தரிசு என்று பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டுநீர் மானியத்துக்கும் உழவர் சந்தை அடையாள அட்டைக்கும் இந்த ஆவணங்களே அடிப்படை. அதைவிட முக்கியமாக, கூட்டுக் கிணற்றில் உங்கள் பங்கு எவ்வளவு, முறைத் தண்ணீர் எந்த நாளில் வருகிறது, இட்டேரி (இரு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) வழியாக ஒரு டெம்போ நிலம் வரைக்கும் வருமா என்பவற்றைப் பங்காளிகளிடம் உட்கார்ந்து பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விளைந்ததை அரை மைல் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டிய நிலத்தில் தக்காளியும் வாழையும் போடுவதில் பொருள் இல்லை.

அடுத்தது மண். கொங்கில் ஒரே ஊருக்குள் செம்மண்ணும் கரிசலும் சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணும் மாறி மாறி வரும். தரிசாகக் கிடந்த நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில், வரப்பையும் மரநிழலையும் எருக்குழி இருந்த இடத்தையும் தவிர்த்து, மேலே உள்ள சருகை ஒதுக்கிவிட்டு ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, குழியின் இரு பக்கச் சரிவிலிருந்தும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாகக் குறைத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். மரப்பயிர் எண்ணம் இருந்தால் மூன்றடிக் குழி எடுத்து ஒவ்வோர் அடிக்கும் தனித்தனி மாதிரி தேவை.

அறிக்கை வரும்வரை காத்திருக்கும்போது ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். மண் கட்டியின் மேல் கொஞ்சம் வினிகரை ஊற்றினால் நுரைத்துக் கொதிக்கிறது என்றால் அதில் சுண்ணாம்பு மிகுதி. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் நிலக்கடலையின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகிவிடும். எலுமிச்சையும் அங்கே திணறும். பார்த்தீனியம், அருகு, கோரை ஆகியவற்றில் எது நிலத்தை மூடியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோரை நிறைந்த நிலத்தில் முதல் பயிராக வெங்காயமோ கீரையோ போடுவது களைக்கூலிக்கே விவசாயம் செய்வதாக முடியும்.

இரண்டாம் படி: தண்ணீரைக் கணக்கிடுதல்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பல்லடம், காங்கயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரும்பங்கு. இந்த நிலப்பரப்பில் லாபத்தைத் தீர்மானிப்பது சித்திரை, வைகாசியில் கிணற்றில் இருக்கும் தண்ணீரே. தை மாதத்தில் நிறைந்து நிற்கும் கிணற்றைப் பார்த்து வாழை வைத்தவர்கள் கோடையில் டேங்கர் லாரிக்குப் பணம் கொடுப்பதை எல்லா ஊர்களிலும் காணலாம்.

அளப்பது எளிது. போர்வெல் மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓட விட வேண்டும். முதலில் வருவது குழாய்க்குள் தேங்கி நின்ற தண்ணீர் என்பதால் அதை நம்பக் கூடாது. பிறகு 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து அது நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர் கிடைக்கிறது என்று பொருள். கிணறாக இருந்தால் எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது, ஊற்று எத்தனை மணி நேரத்தில் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவைச் சித்திரை, வைகாசி அல்லாத மாதத்தில் எடுக்க நேர்ந்தால், கோடைக்கு அதில் பாதியே மிஞ்சும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இப்போது தேவையைப் பார்ப்போம். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். நன்றாக வளர்ந்து நிலத்தை மூடிய பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரைச் செலவழிக்கிறது என்று கொண்டால், 50 சென்டுக்கு நாளுக்குச் சுமார் 10,000 லிட்டர் வேண்டும். வெயில் முற்றிய நாட்களில் இது இன்னும் கூடும். மேலே சொன்ன போர்வெல்லில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டினால் இது கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் வாய்க்கால் பாய்ச்சலில் பெரும்பகுதி வழியிலேயே உறிஞ்சப்படும், மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. எனவே தண்ணீர் குறைவாக இருப்பவர் அரை ஏக்கர் முழுவதையும் நனைக்க நினைக்காமல் 20 சென்டைச் சொட்டுநீரில் நன்றாக வைத்துக்கொண்டு மீதியை மானாவாரியாக விடுவதே அறிவுடைமை.

சொட்டுநீர்க் கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும், நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்புக்கு உட்பட்டு, தமிழ்நாட்டில் மானியம் வழங்கப்பட்டு வருகிறது. வட்டாட்சியரிடம் சிறு குறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த மறுவாரமே குழாய் வந்து இறங்கிவிடாது. நடவுக்கு ஒரு பட்டம் (விதைப்புப் பருவம்) முன்னதாகவே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

ஆயக்கட்டு நிலமாக, அதாவது அணை வாய்க்காலில் பாசனம் பெறும் நிலமாக இருந்தால் கணக்கு வேறு. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகுகள் என்று முறைவைத்தும், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் நான்கு மண்டலங்களாகப் பிரித்தும் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் மதகுக்கு முறை வராத காலத்தில் நிலத்தில் நிற்கக்கூடிய பயிரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நீண்டகாலப் பயிரில் இறங்க வேண்டாம்.

அளவு மட்டும் போதாது, தண்ணீரின் தரமும் வேண்டும். ஆழமான போர்வெல்களில் உப்பு ஏறிய தண்ணீர் பரவலாக இருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் அலசி நிரப்பி மண்ணோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். உப்புக்கு முதலில் அடிபடுபவை பீன்ஸும் வெங்காயமும். தக்காளியும் கத்தரியும் ஓரளவு தாங்கும். தென்னை, பருத்தி, பீட்ரூட் ஆகியவை மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தாங்கும்.

மூன்றாம் படி: உங்கள் நேரம்

நீங்கள் நிலத்தில் குடியிருப்பவரா, காலையும் மாலையும் வந்து போகக்கூடியவரா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருபவரா என்பதை உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாமல் எழுதிவையுங்கள். கொங்கில் ஆள் பற்றாக்குறை நிரந்தரமான சங்கதி. ஆள் கிடைக்கும் நாளில் பயிர் காத்திருக்காது. சத்தியமங்கலம் வட்டாரத்து மல்லிகை, முல்லை போன்றவை விடிவதற்கு முன்பே பறித்தாக வேண்டியவை. கீரையும் வெண்டையும் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கை கேட்பவை. ஞாயிற்றுக்கிழமை விவசாயிக்கு இவை பொருந்தா. அவருக்குத் தீவனப்புல், முருங்கை, தென்னை, கறிவேப்பிலை போன்றவையே முறையானவை, அவற்றிலும் தண்ணீர் திறந்துவிட நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: விற்குமிடத்தை முன்பே பார்த்தல்

விதை வாங்குவதற்கு முன் மூன்று இடங்களுக்குப் போய் வர வேண்டும். ஒன்று, அருகிலுள்ள உழவர் சந்தை. 1999ஆம் ஆண்டு தொடங்கிய இந்தச் சந்தைகளில் கமிஷன் இல்லை, அடையாள அட்டை பெற்ற விவசாயி தானே உட்கார்ந்து விற்கலாம், ஆனால் அதிகாலையில் அங்கே இருக்க வேண்டும். இரண்டு, மொத்தக் காய்கறி மண்டி. அங்கே கமிஷன், இறக்குக்கூலி, சாக்கு, கழிவு என்று எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஏற்கெனவே சரக்குப் போடும் விவசாயியிடம் கேட்க வேண்டும். மூன்று, உங்கள் சொந்த ஊர்: தெருவில் இருக்கும் மெஸ், டீக்கடை, மளிகைக்கடை, கட்டுத்தரையில் மாடு வைத்திருப்பவர்கள். சிறு நிலத்துக்கு இந்த மூன்றாவது சந்தைதான் பெரும்பாலும் நல்ல விலை தருகிறது என்பது என் கருத்து. அரை ஏக்கர் விளைச்சலை வண்டி வாடகை கொடுத்து ஒட்டன்சத்திரம் மொத்தச் சந்தைக்குக் கொண்டுபோனால் வாடகையே பாதியைத் தின்றுவிடும்.

விலை ஏறியிருக்கும் நேரத்தில் அந்தப் பயிரைத் தொடங்கக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து நட்டவர்களின் காய் சந்தைக்கு வரும் முன்னரே விலை சரிந்துவிட்டது. முருங்கையும் இப்படியே: மார்கழி, தையில் காய்க்கு விலை உச்சத்தில் இருக்கும், பங்குனிக்குப் பிறகு காய்ப்புப் பெருகும்போது பறிகூலிக்கும் கட்டாத நாட்கள் வரும். ஆண்டின் எந்த மாதத்தில் என்ன விலை என்று குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பார்த்தால்தான் சராசரி தெரியும். உழவன் செயலியில் அன்றாடச் சந்தை விலையைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வரலாம்.

ஐந்தாம் படி: மயிலும் பன்றியும் காற்றும்

புத்தகக் கணக்கில் வராத செலவுகள் இவை. கொங்கு முழுவதும் மயில் பெருகிவிட்டது. விதைத்த பயறு, முளைவிட்ட கடலை, பழுத்த தக்காளி, மிளகாய் எதுவும் அதற்கு மிச்சமில்லை. சட்டப் பாதுகாப்புள்ள பறவை என்பதால் விரட்டத்தான் முடியும். தொண்டாமுத்தூர், காரமடை, சிறுமுகை போன்ற மலையடிவாரங்களில் காட்டுப்பன்றியும் யானையும் வருவதால் மக்காச்சோளமும் வாழையும் அங்கே சூதாட்டம். மயில் அதிகம் சீண்டாத மஞ்சள், கறிவேப்பிலை போன்றவற்றை மயில் தொல்லை உள்ள இடங்களில் முதலில் யோசிக்கலாம்.

ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று குலை தள்ளிய வாழையைச் சாய்க்கும். முருங்கைக் கிளையை முறிக்கும். மேற்கு ஓரத்தில் அகத்தியோ சவுண்டலோ நெருக்கமாக நட்டுக் காற்றுத்தடை வைத்தால் பாதிப்பு குறைவதோடு ஆட்டுக்குத் தழையும் ஆகும்.

ஆறாம் படி: நிலைமைக்கு ஏற்ற பயிர்

தண்ணீரே இல்லாத மானாவாரி நிலம் என்றால் சோளத்தட்டு, கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவை கைமுதல் குறைந்தவை. கொள்ளைப் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்துவிட்டு அதிகம் தொந்தரவு செய்யாமல் விடலாம். குடிமங்கலம், சுல்தான்பேட்டைப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழை ஈரத்தையும் பனியையும் கொண்டே கொண்டைக்கடலை விளைந்துவிடும். காங்கயம், மூலனூர் பகுதியில் இன்னொரு பழைய வழி இருக்கிறது: கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் வளரும் கொரங்காடு. ஒருமுறை அமைந்துவிட்டால் உழவும் விதையும் கேட்காமல் ஆடு மாடு மேய்ச்சலுக்கு ஆண்டுதோறும் உதவும். ஐம்பது சென்டில் பெரிய தொகை வராது. ஆனால் செலவும் ஏறக்குறைய இல்லை என்பதால் ஊரில் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் தீவனப்புல்லை முதலில் பரிந்துரைப்பேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ரகங்களின் இரு பருக் கரணைகளை (இரண்டு முளைப்பருக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை) நட்டால் இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுப்பு என்று சில ஆண்டுகள் தொடரும். ஒரு கறவை மாடு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசும்புல் தின்னும் என்பதால், பத்து சென்ட் புல் நல்ல பராமரிப்பில் ஒரு மாட்டுக்குத் தாராளமாகப் போதும். வெட்டிப்போட ஆள் இல்லாவிட்டால் பால்காரர்களிடம் பாத்திக் கணக்கில் பேசி அவர்களையே வெட்டிக்கொள்ளச் சொல்லலாம். பூச்சி மருந்துச் செலவு இல்லாத, விலை ஒரேயடியாகச் சரியாத பயிர் இது. புதியவருக்கு இந்த இரண்டும் பெரிய ஆறுதல்.

செடிமுருங்கையில் பி.கே.எம். 1 ரகம் இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 640 செடி பிடிக்கும். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்தில் வைத்தால் வேர் அழுகிவிடும்.

நாள்தோறும் நிலத்துக்கு வரக்கூடியவர், நல்ல தண்ணீர் உள்ளவர் என்றால் கீரையே வேகமான வரவு. ஐந்து சென்டை நான்கு பகுதியாகப் பிரித்து வாரம் ஒரு பகுதியாகச் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை விதைத்து வந்தால், சிறுகீரை 25 நாளில் அறுப்புக்கு வந்துவிடுவதால், இரண்டாம் மாதம் முதல் எல்லா வாரமும் கையில் சரக்கு இருக்கும். மஞ்சளைப் பொறுத்தவரை ஈரோட்டுச் சந்தை அருகில் இருப்பது வசதிதான். ஆயினும் ஒன்பது மாதம் தண்ணீர் கட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி விற்பதை முதல் ஆண்டிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: ஒரு கிலோவின் அடக்கவிலை

சின்ன வெங்காயத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம், ஏனெனில் பல்லடம், பொங்கலூர்ப் பக்கத்தில் புதியவர்கள் அதிகம் ஆசைப்படும் பயிர் அதுவே. ஏக்கருக்கு 600 கிலோ விதைவெங்காயம் என்ற கணக்கில் 30 சென்டுக்கு 180 கிலோ வேண்டும். கீழே வரும் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் ஊர் நிலவரத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். விதை கிலோ 50 ரூபாய் என்றால் 9,000. உழவும் எருவும் 4,000. நடவு, இரண்டு களை, பிடுங்குதல், தாள் அறுத்தல் எல்லாம் சேர்த்து இருபது ஆளுக்குத் தலைக்கு 400 வீதம் 8,000. உரம், மருந்து 3,000. ஆக 24,000 ரூபாய்.

நன்றாக வந்தால் 30 சென்டில் ஒன்றரை டன் எதிர்பார்க்கலாம். ஆனால் புதியவர், திருகல் நோயையும் ஊதாப்புள்ளி நோயையும் முதல்முறை பார்ப்பவர், ஒரு டன் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது கிலோவுக்கு அடக்கம் 24 ரூபாய். மண்டியில் பிடித்தம் போக அதற்குக் கீழே கிடைத்தால் நட்டம். வீட்டு ஆட்களே வேலை செய்தால் கூலி 8,000 கையை விட்டுப் போகாது, அடக்கம் 16 ரூபாய்க்கு இறங்கும். ஒரே நிலம், ஒரே பயிர், ஒரே விளைச்சல். யார் குனிந்து களை எடுக்கிறார்கள் என்பதில்தான் எட்டு ரூபாய் வித்தியாசம். விலை சரிந்தால் பட்டறை (காற்றோட்டமான வெங்காயச் சேமிப்பு) போட்டு வைத்துப் பிறகு விற்கும் வசதி வெங்காயத்துக்கு உண்டு. தக்காளிக்கு அது இல்லை.

நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு பயிருக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் குறைந்த விலையிலும் கைமுதல் திரும்புகிறதா என்பதே கேள்வி. திரும்பாது என்றால், முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய பரப்பில் மட்டும் அதை வையுங்கள்.

எட்டாம் படி: முதல் ஆண்டை அமைத்தல்

தரிசு நிலத்தில் நேராகப் பணப்பயிர் வைக்காமல் ஒரு பட்டத்தை மண்ணுக்குக் கொடுப்பது நல்லது. கோடை மழை ஈரத்தில் ஆழ உழுது கோரைக் கிழங்கையும் அருகு வேரையும் வெயிலில் காயவிட வேண்டும். பிறகு சணப்பை விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். களர் தட்டிய மண்ணுக்குத் தக்கைப்பூண்டு மேல். செம்மறி வைத்திருப்பவர்களிடம் பேசி நிலத்தில் ஆட்டுப்பட்டி போடச் செய்வது மற்றொரு வழி. ஆடுகளை அடைக்கும் தட்டியான படலை இரவுக்கு இரவு நகர்த்தி வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலம் முழுவதும் சமமாக விழும். எரு வாங்கி, ஏற்றி, இறைக்கும் கூலியை நினைத்தால் பட்டிக்குக் கொடுக்கும் தொகை மலிவாகவே அமையும்.

அதன்பின் ஐம்பது சென்டை ஒரே பயிரில் போடாமல் பிரித்துக்கொள்ளுங்கள். காலை மாலை வந்து போகும், சுமாரான போர்வெல் உள்ள ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய பங்கீடு: பத்து சென்ட் தீவனப்புல், ஐந்து சென்ட் கீரை, பத்து சென்டில் கத்தரி அல்லது வெண்டை, மீதி இருபத்தைந்தில் மழைக்காலச் சோளமோ கொள்ளோ. சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தையோ, கோபி, நாமக்கல் உள்ளிட்ட இடங்களில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களையோ நாடலாம். மருந்துக்கடையில் இலையைக் காட்டிக் கேட்டால் மருந்து கிடைக்கும். மருந்து தேவையில்லை என்ற பதில் அங்கே அரிதாகவே கிடைக்கும்.

ஏக்கருக்கு இத்தனை லட்சம் உறுதி, நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று கன்று விற்பவர்களின் விளம்பரத்தை நம்பி மூலிகையோ மரமோ வைக்க வேண்டாம். அதே பேச்சில் ஏற்கெனவே விற்று முடித்த விவசாயியின் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்; காட்ட மாட்டார்கள்.

தென்னை போன்ற நிரந்தரப் பயிரை ஒரு முழுக் கோடையைக் கண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். 25 அடி இடைவெளியில் அரை ஏக்கருக்கு 35 மரம் பிடிக்கும். வளர்ந்த மரம் ஒன்றுக்குக் கோடையில் சொட்டுநீரிலேயே நாளுக்கு 65 லிட்டர் அளவில் வேண்டும். நட்ட முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கு இடையில் காய்கறியும் தீவனமும் தொடரலாம். பொள்ளாச்சிப் பகுதியில் வேர்வாடல் நோயும், 2016இல் அங்கே முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் இருப்பதால், கன்றுகளை வழியோர வண்டியில் வாங்காமல், ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்திலோ தோட்டக்கலைத் துறையின் பண்ணையிலோ முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்க வேண்டும்.